சமூக நிலைத்தன்மையா, சமூக நிலைபேறா?

“நகர்ப்புறப் பசுமை வெளிகள் சமூக நிலைத்தன்மையை மேம்படுத்துகின்றன.” மெய்ப்புப் பார்க்கச் சொல்லி வந்த ஓர் ஆய்வுச் சுருக்கத்தின் முதல் வரி இது. இந்த ஆண்டில் மட்டும் ஏழெட்டுக் கட்டுரைகளில் பார்த்துவிட்டேன். தமிழ் மட்டும் தெரிந்தவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? பூங்கா வைத்தால் ஊரில் கலவரம் வராது என்றுதான்.

ஆங்கில மூலத்தில் இருப்பது ‘சஸ்டெயினபிலிட்டி’. அதன் லத்தீன் வேருக்குக் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்று பொருள். கருத்து காட்டிலிருந்து வந்தது: வெட்டுகிற அளவுக்கு வளர்க்கவும் வேண்டும் என்று 1713இல் எழுதினார் சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ். 1987இல் ஐ.நா. ஆணையம் ஒன்றின் புருண்ட்லாண்ட் அறிக்கை அதை உலகுக்கே பொதுவாக்கியது. வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் இல்லாமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது. சரி, வேர்க்கதை போதும்.

என் சண்டை நிலைத்தன்மையோடு. அது ‘ஸ்டெபிலிட்டி’க்கு உரிய சொல். அசைத்தாலும் பழைய இடத்துக்கே திரும்புகிற குணம். இயற்பியல் பாடத்தில் படித்திருப்போம். “பொருள் நெருங்கித்தானே இருக்கிறது, விடுங்களேன்” என்பார்கள். எப்படி விடுவது? நகர்ப்புறச் சமூகம் பற்றி நிக்கோலா டெம்ப்சியும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். சமூக ‘சஸ்டெயினபிலிட்டி’ என்ற கருத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று சமூகச் சமத்துவம். இன்னொன்று, ஒரு குடியிருப்பின் மக்கள் கூட்டம் தொடர்ந்து வாழ்வது. இரண்டாவதன் கீழே, அக்கம்பக்கத்துப் பழக்கம், கூட்டாகப் பங்கேற்பது, இடத்தின் மீதான பற்று, பாதுகாப்பு ஆகியவற்றோடு ‘ஸ்டெபிலிட்டி’யும் ஒரு கூறு. அதாவது, குடியிருப்பவர்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இராமை. நம் மொழிபெயர்ப்பாளர் இதை எப்படி எழுதுவார்? “சமூக நிலைத்தன்மையின் கூறுகளுள் ஒன்று சமூக நிலைத்தன்மை” என்றா?

அதைவிட மோசம், சமத்துவம் என்ற பாதி காணாமலே போய்விடுகிறது. அரை ஹெக்டேராவது பரப்புள்ள பசுமை வெளி வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2016இல் ஓர் அளவு சொன்னது. அந்த 300 மீட்டருக்குள் யார் வீடு இருக்கிறது, யார் வீடு இல்லை என்பதல்லவா கேள்வி? நியூயார்க்கில் கைவிடப்பட்ட ரயில் மேம்பாதையைச் செடிகொடி நிறைந்த ஹை லைன் பூங்காவாக்கி 2009இல் திறந்தார்கள். அழகு, அமைதி, ஒழுங்கு, எதற்கும் குறைவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் வீட்டு விலையும் ஏறியது. பசுமை வந்ததும் எளியவர்கள் அந்தப் பக்கம் வாழ முடியாமல் போவதைப் பற்றித்தான் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ‘நிலைத்தன்மை’ என்ற சொல்லைக் கொண்டு இதைப் பேசவே முடியாது.

‘சஸ்டெயினபிலிட்டி’க்குப் புழங்கும் மற்றச் சொற்கள்? ‘வளங்குன்றா’ காட்டுக்கும் மீனுக்கும் அருமை. ‘வளங்குன்றாச் சமூகம்’ என்று சொல்லிப் பாருங்கள், பரம்பரைப் பணக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். ‘நீடித்த’ என்பதோ இறந்தகாலம். நீடித்த காய்ச்சல், நீடித்த மழை. இனிமேலும் தொடரும் என்ற உறுதி அதில் எங்கே?

இலங்கைத் தமிழர் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்று அரசு ஆவணங்களிலேயே எழுதுகிறார்கள். நான் அந்தப் பக்கம். “அதிலும் ‘நிலை’ இருக்கிறதே?” என்றால், இருக்கிறது. ஆனால் கூடவே ‘பேறு’ இருக்கிறது. மக்கட்பேறு, தவப்பேறு போலப் பெறுகிற ஒன்று. நிலைத்தன்மை கல்லுக்குத் தானாகவே உண்டு. நிலைபேற்றை முயன்றுதான் அடைய வேண்டும். ஆகவே சமூக நிலைபேறு.

‘பசுமை வெளி’யை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மந்தைவெளி என்று ஊருக்கே பெயர் வைத்தவர்கள் நாம். (‘கிரீன் ஸ்பேஸ்’ என்பதைப் ‘பச்சை விண்வெளி’ ஆக்கிய எந்திர மொழிபெயர்ப்பு ஒன்றைப் பார்த்தேன். வானத்துக்குப் போய்விட்டார்கள்.)

அப்புறம், அந்தச் சுருக்கத்தைத் திருத்தி அனுப்பினேன். ‘நிலைபேறு எங்கள் கலைச்சொல் பட்டியலில் இல்லை’ என்று பழையபடி மாற்றிவிட்டார்கள். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ‘ஸ்டெபிலிட்டி’க்கு எதிரேயும் நிலைத்தன்மைதான்.