பழைய கட்டுக்கும் புதிய கட்டுக்கும் நடுவில்

முதியோர் இல்லத்தில் ஒருவருடைய புண்ணுக்குள் புதிதாக ஒரு கிருமி எப்படிப் போய்ச் சேருகிறது? காற்றில் வந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அது பெரும்பாலும் கட்டுப் போடுபவரின் கை வழியாகவும், அந்தக் கை தொட்ட பொருள்கள் வழியாகவும்தான் வருகிறது.

வயதாக ஆக தோல் மெலிந்துவிடும். அசையாமல் படுத்திருந்தால் குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி என எலும்பு அழுந்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப்புண் வரும். சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். அப்படிப்பட்ட பலருக்கு ஒரே நர்ஸ் அடுத்தடுத்துக் கட்டு மாற்றுகிறார். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

பழைய கட்டைப் பிரித்ததும் சீழும் கசிவும் கையுறையில் ஒட்டிக்கொள்கின்றன. துடைக்கப் பஞ்சு போதவில்லை. அதே கை பஞ்சுப் பொட்டலத்துக்குள் போகிறது. மிஞ்சிய பஞ்சு திரும்ப டிராலிக்குப் போய், அடுத்த அறையில் இன்னொருவரின் புண்ணைத் தொடுகிறது. களிம்பு டப்பா, பிளாஸ்டர் சுருள், சட்டைப்பையில் இருக்கும் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பல மருந்துகளுக்கு அசையாத எம்.ஆர்.எஸ்.ஏ. போன்ற கிருமிகள் உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

அதனால்தான் டிராலியை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அந்த ஒருவருக்குத் தேவையானதை மட்டும் முன்கூட்டியே எடுத்து, சுத்தமான விரிப்பில் பரப்பிவைக்கச் சொல்கிறார்கள். பழைய கட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டதும் கையுறையையும் கழற்ற வேண்டும், கையைச் சுத்தம் செய்ய வேண்டும், அப்புறம்தான் புதுக் கையுறை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது நடுவில் இருக்கும் அந்தக் கைச்சுத்தம்தான். கையுறைதான் போட்டிருந்தோமே என்று தோன்றும். ஆனால் கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போதும் விரலில் அழுக்கு படும். ஆல்கஹால் கலந்த சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி. டிஃபிசில் கிருமியின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) ஆல்கஹாலுக்குச் சாவதில்லை என்பதால், அங்கேயும் சோப்பும் தண்ணீரும்தான்.

சரி, புண்ணில் கிருமி இருந்தாலே தொற்று என்று அர்த்தமா? இல்லை. நாள்பட்ட புண் எதிலும் கிருமிகள் குடியிருக்கும். ஈரக் கல்லில் பாசி படிவதுபோல, தாமே சுரக்கும் பசைப்படலத்துக்குள் அவை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆன்டிபயாடிக் அதற்குள் எளிதில் வேலை செய்யாது. செத்த திசுவை நீக்கி, புண்ணை நன்றாகக் கழுவித்தான் அந்தப் படலத்தைக் கலைக்க முடியும். பரிசோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சூடு, வீக்கம், சீழ், வலி கூடுவது ஆகியவைதான் தொற்றின் அடையாளங்கள். முதியவர்களிடம் இவைகூட மங்கலாகவே தெரியலாம். காய்ச்சலே வராமல் போகலாம். திடீரென்று பேச்சு குழம்பும், சாப்பாடு இறங்காது, எப்போதும் இல்லாத சோர்வு வரும். இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் சோறூட்டும், குளிப்பாட்டும் உதவியாளர்தான். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல், அவர் அன்றைக்கே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.