முதுகுக்கும் காற்று வேண்டும்

வைகாசி மாத இரவு, மணி மூன்று. ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்றுகிறது. நெஞ்சும் கைகாலும் காய்ந்துதான் இருக்கின்றன. முதுகு மட்டும் நனைந்து, பனியனோடு சேர்ந்து விரிப்பில் ஒட்டிக்கிடக்கிறது. புரண்டு படுத்தால் முதுகுக்குச் சில்லென்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வயிறு வேர்க்கிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு இந்த இரவை விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு வீட்டில் நான்கு கோடைகள் இருந்தேன். ஃபேனை மாற்றினேன். மாடித் தளத்துக்கு வெள்ளை அடித்தேன். இரண்டும் கொஞ்சம் உதவின. பெரிய வித்தியாசம் தெரிந்தது மெத்தையின் மேல் விரித்திருந்த துணியை மாற்றிய பிறகுதான். அது ஏன் என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தூங்கும்போதும் உடம்பு வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் ஒருவர் என்றால் சுமார் 70 வாட். எரிகிற பழைய குண்டு பல்பு ஒன்றைக் கட்டிலில் படுக்க வைத்த மாதிரி. தோலின் வெப்பநிலை 34 டிகிரியை ஒட்டி இருக்கும். அறை 25 டிகிரியில் இருந்தால் அந்தச் சூட்டைக் காற்றே வாங்கிக்கொள்ளும். ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அதைக் கீழே இறக்குகிறது. அறையும் 34 டிகிரியைத் தொட்டுவிட்டால் உடம்புச் சூடு போக ஒரே வழிதான் மிஞ்சும்: வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 70 வாட்டை எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 20 லட்சம் ஜூல். அப்படியானால் ஓர் இரவில் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். மூச்சில் போவது இதில் சிறு பங்கு. மற்றதெல்லாம் தோல் வழியாகத்தான்.

ஃபேன் காற்று மேல்பக்கத்துக்கு மட்டுமே வருகிறது. முதுகும் தொடையின் அடிப்பக்கமும் மெத்தையில் அழுந்திக் கிடக்கின்றன. கோரைப்பாயில் படுத்த காலத்தில் கோரைக்கும் கோரைக்கும் நடுவே இடுக்கு இருந்தது. அடியில் தரை குளிர்ச்சியாக இருந்தது. இலவம்பஞ்சு மெத்தையிலும் ஓரளவு காற்று நடமாட முடியும். இன்றைய ஃபோம் மெத்தையில் உடம்பு அமிழ்ந்துவிடுகிறது. ஃபோம் சூட்டைக் கடத்தாது, ஈரத்தையும் லேசில் வாங்காது. அப்போது முதுகுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே பாலமாக இருப்பது விரிப்பு ஒன்றுதான்.

அகல்விளக்கில் திரி செய்வதைத்தான் நல்ல விரிப்பும் செய்கிறது. முதுகுக்கடியில் சேரும் ஈரத்தை நூல் வழியாகப் பக்கவாட்டில் இழுத்து, காற்று படும் இடத்துக்குக் கொண்டுபோகிறது. திரி போல வெகுதூரம் இழுக்காது, சில அங்குலம்தான். மீதி வேலையை நாம் புரளும் புரளல் செய்துவிடுகிறது. விட்டு வந்த இடம் காய்ந்திருந்தால், மறுபடி அங்கே திரும்பும்போது உலர்ந்த துணி கிடைக்கும். ஆக, விரிப்பிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: ஈரத்தை வாங்குமா? வாங்கியதைச் சீக்கிரம் விடுமா?

முதல் கேள்விக்கு இழை பதில் சொல்கிறது. பருத்தி இழையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், காற்றுப் போன சைக்கிள் டியூப்பை முறுக்கிப் போட்டது போல இருக்கும். செடியில் இருந்தபோது அது உள்ளே சாறு நிரம்பிய குழாய். காய் வெடித்துக் காய்ந்ததும் தட்டையாகச் சுருங்கிவிடுகிறது. அதன் உடம்பு முழுக்க செல்லுலோஸ். தண்ணீர் மூலக்கூறுகள் வந்து பிடித்துக்கொள்ள அதில் ஏராளமான கைப்பிடிகள் உண்டு. 90க்கு 100 அங்குல அளவுள்ள ஒரு சாதாரண பருத்தி பெட்ஷீட் முக்கால் கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் நாளில், கைக்கு நன்றாகக் காய்ந்ததாகத் தெரியும் அந்தத் துணிக்குள் ஏறத்தாழ 60 கிராம் தண்ணீர் இருக்கும். அதே எடையுள்ள பாலியஸ்டர் விரிப்பில் வெறும் 3 கிராம். பாலியஸ்டர் இழை தண்ணீரை உள்ளே விடுவதே இல்லை என்று சொல்லலாம். விளையாட்டுச் சட்டைகளில் வியர்வை பரவிக் காய்கிறதே என்று கேட்கலாம். அவற்றின் இழையை அதற்கென்றே வடிவமைத்து, மேலே மருந்தும் ஏற்றியிருப்பார்கள். மெல்லிய பாலியஸ்டர் இழையில் நெய்த மலிவு விலை மைக்ரோஃபைபர் பெட்ஷீட்டுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. பாக்கெட்டின் முகப்பில் காட்டன் என்ற சொல் பெரிதாக இருந்தாலும், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் நெசவில் இருக்கிறது. இங்கேதான் விளம்பரங்கள் நம்மைத் திசைதிருப்புகின்றன. நூல் எண்ணிக்கை 1000 என்று போட்ட ஒரு விரிப்பை இணையத்தில் வாங்கினேன். பார்க்கப் பட்டுப் போல இருந்தது. படுத்தால் மேலே சொன்ன அதே மூன்று மணிதான். அந்த 1000 என்றால் என்ன என்று கரூரில் ஒரு பெட்ஷீட் கடைக்காரரிடம் கேட்டேன். அமராவதிக் கரையில் இருக்கும் அந்த ஊர் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் சமையலறைத் துணியும் நெய்து பல நாடுகளுக்கு அனுப்புகிற ஊர். அவர் மேசை டிராயரிலிருந்து தீப்பெட்டி அளவு மடக்கு லென்ஸ் ஒன்றை எடுத்து விரித்து, என் துணியின் மேல் வைத்தார். அடித்தட்டில் ஒரு அங்குலச் சதுரமாக ஒரு துளை. "குனிஞ்சு பாருங்க தம்பி" என்றார். பாவு நூல்கள் நெடுக்காகவும் ஊடை குறுக்காகவும் கயிற்றுக் கட்டில் போலப் பெரிதாகத் தெரிந்தன. குண்டூசி முனையால் ஊடை நூல் ஒன்றை நெம்பிக் காட்டினார். அது ஒரு நூல் இல்லை. மெல்லிய இழைகள் நான்கு சேர்ந்து படுத்திருந்தன. "இதைத்தான் நாலுன்னு எண்ணிடறாங்க. ஒரு அங்குலத்துல ஆயிரம் நூல் எங்கே தம்பி நிக்கும்?"

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூல் எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையும் சேர்ந்த மொத்தம். நூலுக்கு நம்பர் உண்டு. 840 கெஜ நீளமுள்ள நூல்கட்டு (சிட்டம்) ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குகிறதோ, அதுதான் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40ஆம் நம்பர் பருத்தி நூலின் பருமன் அங்குலத்தில் 177இல் ஒரு பங்கு. 100ஆம் நம்பர் என்றால் 280இல் ஒரு பங்கு. 100ஆம் நம்பர் மிக மெல்லிய நூல். அதை இடைவெளியே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் பாவில் 280, ஊடையில் 280, மொத்தம் 560தான். நெய்யும்போது குறுக்கு நூல் நுழைய இடம் வேண்டும், அதனால் உண்மையில் இன்னும் குறையும். ஆயிரம் என்பது பெரும்பாலும் எண்ணும் முறையில் வருகிற ஆயிரம். அதைவிட முக்கியமான விஷயம், அப்படி நெருக்கி அடைத்த துணியில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே ஓட்டையே இருக்காது. காற்றும் நீராவியும் போகும் வாசலை அடைத்துவிட்டு, அதையே உயர்ந்த தரம் என்று விற்கிறார்கள். வெப்பமான அறைக்கு 200இலிருந்து 300 வரை உள்ள எண்ணிக்கை போதும் என்பது என் முடிவு.

நெசவு வகையும் இதோடு சேர்ந்தது. பெர்கேல் என்று விற்கும் துணி சாதா நெசவு. ஒரு நூல் மேலே, அடுத்தது கீழே. நூல்கள் அடிக்கடி மடங்குவதால் துணிக்கு ஒரு மொரமொரப்பு வருகிறது, உடம்போடு ஒட்டாமல் விலகி நிற்கிறது. சாட்டின் நெசவில் ஒரு நூல் நான்கைத் தாண்டி மேலே மிதக்கிறது. மிதக்கும் நூல் வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்புவதால் பளபளப்பு. மடிப்பு குறைவதால் வழவழப்பு. கடையில் கை வைத்தால் சாட்டின்தான் சில்லென்று இருக்கும். அந்தச் சில் நம்பத்தக்கதல்ல. வழவழப்பான துணி தோலில் அதிக இடத்தில் தொடுகிறது, அதனால் முதல் சில நொடிகளில் கையின் சூட்டை வேகமாக வாங்குகிறது. அவ்வளவுதான். துணி கையின் சூட்டுக்கு வந்ததும் அந்தக் குளிர்ச்சி தீர்ந்துபோகும். மூன்று மணிக்கு முதுகுக்கடியில் என்ன நடக்கும் என்று உள்ளங்கையால் சொல்ல முடியாது.

சரி, எந்த அறைக்கு எது? ஃபேன் மட்டும் உள்ள மேல்மாடி அறைக்கு மேலே சொன்ன சாதா நெசவுப் பருத்திதான். ஏசி அறையில் கதை வேறு. ஏசி காற்றிலிருந்து ஈரத்தையும் பிழிந்து வெளியே தள்ளுகிறது, அதனால் விரிப்பு காய்வதற்குச் சிரமமே இல்லை. அங்கே சாட்டின் மென்மைக்கு ஆசைப்பட்டால் தாராளமாக வாங்கலாம். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு உடம்பின் உள்வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் நெருக்கமான துணி கதகதப்பாகத் தெரியும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் பருத்தியும் திணறும். வாங்குவதை வாங்கிக்கொள்ளும், விடுவதற்குத்தான் காற்றில் இடம் இருக்காது. அங்கே கனமான விரிப்பு தவறான தேர்வு. ஒரு சதுர மீட்டருக்கு 110, 120 கிராம் உள்ள லேசான துணியாக இரண்டு செட் வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றுவது நல்லது. இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையில் வாழும் தூசிப்பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை; காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அவை வறண்டு செத்துவிடும். கடலோரத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதுதான் வழி. ஆகவே அவர்களுக்கு வாங்கும்போது வெந்நீரைத் தாங்கும் சாயமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் அறைகளுக்கு இவை எல்லாமே தலைகீழ். அங்கே துணிக்குள் காற்று அசையாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் அசையாத காற்றைவிடச் சூட்டைத் தடுக்கும் பொருள் வீட்டில் வேறு எதுவும் இல்லை. சென்னிமலையில் நெய்யும் கனமான போர்வை, மேல்பக்கத்தைச் சுரண்டிப் புசுபுசுவென்று ஆக்கிய ஃபிளானல் போன்றவை அங்கே பொருத்தம்.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு, அடர்நீலம் விரித்தால் சூடு என்று பலர் சொல்வார்கள். வெயில் விழும் இடத்தில் அது உண்மை. மேற்கு ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் மாலை நேரத்தில் தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஆனால் விளக்கை அணைத்த அறையில் அந்த வித்தியாசம் கிடையாது. உடம்பு வெளியேற்றும் வெப்பக் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அந்தக் கதிருக்கு வெள்ளைத் துணியும் கறுப்புத் துணியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நிறம் அறைக்குச் செய்யும் வேலை வேறு. பத்துக்குப் பதினோரடி அறையில் ஐந்தடிக்கு ஆறரையடிக் கட்டில் போட்டால் தரையில் முப்பது சதவீதத்தை விரிப்பே மூடிவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத்தான் சுவருக்கும் கூரைக்கும் திரும்புகிறது. அடர் மெரூன் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அறை சின்னதாகவும் மங்கலாகவும் தெரியும். பளிச்சென்ற மஞ்சள், வெள்ளைச் சுவரிலும் ஒரு மஞ்சள் ஓட்டத்தைக் கொண்டுவரும்.

கடையில் பிடித்த நிறம் வீட்டில் வேறாகத் தெரிவதும் பிரமை இல்லை. ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்தில் நல்ல இயற்பியல் இருக்கிறது. நிறம் என்பது துணியிடம் மட்டும் இருப்பதல்ல. விளக்கில் இருப்பதைத்தான் துணி திருப்பித் தர முடியும். கடையின் வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்பு குறைவு. படுக்கையறையின் மஞ்சள் பல்பில் நேர்மாறு. கடையில் அழகாக இருந்த சாம்பல் நீலம் அங்கே அழுக்குச் சாம்பலாகிவிடும். புடவை வெளியே உடுத்துவதற்கு, அதனால் அதற்குப் பகல் வெளிச்சம் சரி. விரிப்பை நாம் பார்ப்பது பெரும்பாலும் இரவில். முடிந்தால் ஒரு தலையணை உறையை மட்டும் முதலில் வாங்கிவந்து, இரவு விளக்கில் கட்டிலில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

அளவைப் பற்றி ஒன்றே ஒன்று. தறியில் நூல்கள் இழுபட்ட நிலையிலேயே துணியாகின்றன. முதல் தண்ணீர் பட்டதும் அந்த இழுப்புத் தளர்ந்து சுருங்குகின்றன. நூறு அங்குலத்தில் மூன்று முதல் ஐந்து அங்குலம் போகும் என்று வைத்துக்கொண்டு, மெத்தையின் உயரத்தையும் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எட்டு அங்குல மெத்தைக்குப் பழைய நாலு அங்குல மெத்தையின் விரிப்பு போதாமல் ஓரம் கழன்று வருவது இதனால்தான்.

வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை செய்யலாம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வாஷ்பேசின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். அப்புறம் துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். புதுத் துணியில் கஞ்சியும் மென்மைக்காகப் போட்ட சிலிக்கோனும் இருப்பதால் சொட்டு முத்துப் போல உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தால் அந்த விரிப்பு ஃபேன் அறைக்கு ஆகாது. துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னரும் இழையின் மேல் இதே மாதிரி ஒரு படலத்தைப் பூசுகிறது. நான் அதை நிறுத்திவிட்டேன். இப்போது மெத்தையில் கிடப்பது சாதா நெசவுப் பருத்தி விரிப்பு, துவைத்துத் துவைத்துக் கரை நூல் பிரிய ஆரம்பித்துவிட்டது. அதன் மேல் சொட்டு விட்டால், ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்து உள்ளே போய்விடுகிறது.