ஏழு கிளாஸ், ஒரு தரை, நாற்பத்தைந்து பச்சோந்திகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவின் தே தாரிக் கடைகளில் கழுவிய கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அப்படிக் கவிழ்ந்த ஏழு கிளாஸ்களை மேசைமேல் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஏதாவது இரண்டைத் திருப்பலாம். கவிழ்ந்தது நிமிரும், நிமிர்ந்தது கவிழும். ஏழையும் நிமிர்த்த முடியுமா?

சனிக்கிழமை காலையில் நான் நடத்தும் கணித வகுப்பில், புதிதாக வரும் முதல் படிவ மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். நோட்டுப் புத்தகம் வேண்டாம், பிளாஸ்டிக் கிளாஸ் போதும். பத்து நிமிடம் ஒரே சத்தமாக இருக்கும். ஆறு நிமிர்ந்துவிடும், ஒன்று மட்டும் கவிழ்ந்தே நிற்கும். அதைத் திருப்பப் போனால் கூடவே இன்னொன்றையும் திருப்ப வேண்டும், அது கவிழ்ந்துவிடும். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், எத்தனை தடவை செய்து பார்த்த பிறகு முடியாது என்று சொல்லலாம்?"

என் வகுப்பில் எழுந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நூறு தடவை தோற்றாலும், நூற்றோராவது தடவை கூடிவந்துவிடுமோ என்ற சந்தேகம் போகாது. செய்து பார்த்தே 'முடியாது' என்ற முடிவுக்கு வர வழியில்லை. வேறு வழி வேண்டும்.

கிளாஸ்களை விட்டுவிட்டு, கவிழ்ந்தவை எத்தனை என்ற ஒரு எண்ணை மட்டும் கவனியுங்கள். தொடக்கத்தில் அது 7. கவிழ்ந்த இரண்டைத் திருப்பினால் 2 குறையும். நிமிர்ந்த இரண்டைத் திருப்பினால் 2 கூடும். இதில் ஒன்றும் அதில் ஒன்றும் திருப்பினால் மாறாமல் இருக்கும். 7 ஒற்றைப்படை. இரண்டு கூடினாலும் குறைந்தாலும் அது ஒற்றைப்படையாகவே இருக்கும். நமக்கு வேண்டியது 0, அது இரட்டைப்படை. ஆகவே லட்சம் தடவை திருப்பினாலும் முடியாது.

எவ்வளவு கலைத்துப் போட்டாலும் மாறாமல் நிற்கும் இப்படிப்பட்ட பண்பை மாற்றமிலி என்கிறோம். தமிழ்ப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எனக்கு எளிதாகவே இருந்திருக்கிறது. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு 'ஒத்தையா ரெட்டையா' விளையாடிய பாட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்தச் சொல்லிலேயே விளக்கமும் இருக்கிறது. சோடி சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் துணையில்லாமல் நிற்பது ஒற்றை. இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் 'கஞ்சில்', 'கெனாப்' என்று படிக்கும்போது, புளியங்கொட்டையை நினைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மலேசியாவின் தேசிய கணித ஒலிம்பியாட்டில் பொங்சு, மூடா, சூலோங் என்று மூன்று பிரிவுகள் உண்டு. பொங்சு என்றால் கடைக்குட்டி. கடைக்குட்டிகளுக்கான கணக்குகள்தானே, சுலபமாக இருக்கும் என்று நினைக்கும் பெற்றோர் வினாத்தாளைப் பார்த்ததும் மலைத்துப்போகிறார்கள். அதில் கூட்டல், பெருக்கலுக்கு மேல் பெரிதாக எந்தச் சூத்திரமும் தேவைப்படாது. எதைக் கவனிப்பது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். டியூஷனில் வேகமாகக் கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளைகள் இங்கே திணறுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களிடம் திறமை இருக்கிறது, நின்று யோசிக்க யாரும் நேரம் கொடுத்ததில்லை.

சரி, ஒரு தடவைக்கு மூன்று கிளாஸ்களைத் திருப்பலாம் என்றால்? இப்போது ஒற்றை இரட்டை தடுக்காது. ஆனால் தடை இல்லை என்பதாலேயே வழி இருக்கிறது என்று எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைக்காது, செய்து காட்ட வேண்டும். முதலில் மூன்றைத் திருப்பினால் கவிழ்ந்தவை 4. அடுத்து கவிழ்ந்த இரண்டையும் நிமிர்ந்த ஒன்றையும் திருப்பினால் 3. அந்த மூன்றையும் திருப்பினால் 0. மூன்றே தடவையில் முடிந்தது.

அடுத்தது தரை. ஜார்ச் டவுனின் பழைய கடைவீடுகளின் அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், பூப்போட்ட ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். எட்டுக்கு எட்டு கட்டங்கள் கொண்ட ஒரு தரை. எதிரெதிர் மூலைகள் இரண்டில் தூண் நிற்கிறது, அங்கே ஓடு வேண்டாம். மீதி 62 கட்டங்கள். ஒவ்வோர் ஓடும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கட்டங்களை மூடும். 31 ஓடுகளால், எதையும் உடைக்காமல் தரையை மூட முடியுமா?

62 இரட்டைப்படை, ஆகவே ஒற்றை இரட்டைச் சோதனையில் இது தேறிவிடுகிறது. அப்படியும் முடியாது! தரைக்குச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையும் பூசிப் பாருங்கள். எப்படி வைத்தாலும் ஓர் ஓடு ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும். எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம். அவை போனால் ஒரு நிறத்தில் 30, மற்றதில் 32. ஓடு ஒவ்வொன்றும் இரண்டு நிறத்தையும் சமமாகவே எடுத்துக்கொள்வதால் கடைசியில் ஒரே நிறத்தில் இரண்டு கட்டங்கள் அனாதையாக நிற்கும். 1946இல் மேக்ஸ் பிளாக் என்ற தத்துவவாதி தம் நூலில் கொடுத்த புதிர் இது. கணக்கில் இல்லாத நிறத்தை நாமாகக் கொண்டுவந்து பூசுகிறோம் என்பதை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

தூண்களை ஒரு கறுப்பிலும் ஒரு வெள்ளையிலும் நிறுத்தினால்? எங்கே நிறுத்தினாலும் முடியும்! இதை நிறுவியவர் ரால்ஃப் கோமொரி என்ற கணிதவியலாளர். ஒரு கட்டத்திலிருந்து அதை ஒட்டிய பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து, 64 கட்டங்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒரு பாதையைப் போடுங்கள். அது கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிக் கோத்த மணிமாலை போன்றது. ஒரு கறுப்பு மணியையும் ஒரு வெள்ளை மணியையும் எடுத்துவிட்டால் மாலை இரண்டு துண்டாகும். இரண்டு துண்டிலும் மணிகள் இரட்டைப்படையில்தான் இருக்கும். அந்தப் பாதை வழியாகவே ஓடுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு போகலாம். இரண்டு மணிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரே துண்டு மிஞ்சும், அதற்கும் இதே வழிதான்.

ஒற்றை இரட்டையும் நிறமும் பழகிய பிறகு பச்சோந்திகளை அவிழ்த்துவிடுவேன். பல நாடுகளைச் சுற்றிவந்த பழைய போட்டிக் கணக்கு இது. ஒரு தீவில் சாம்பல் 13, பழுப்பு 15, சிவப்பு 17. வெவ்வேறு நிறத்தில் இரண்டு சந்தித்தால் இரண்டுமே மூன்றாவது நிறத்துக்கு மாறும். 45ம் ஒரே நிறமாக முடியுமா?

இங்கே இரண்டால் வகுத்துப் பார்த்துப் பயனில்லை, மூன்றால் வகுத்து மீதியைப் பாருங்கள். 13க்கு மீதி 1, 15க்கு 0, 17க்கு 2. மூன்றும் வேறுவேறு. ஒரு சந்திப்பில் இரண்டு நிறங்கள் ஒவ்வொன்று குறைகின்றன, மூன்றாவது 2 கூடுகிறது. மூன்றால் வகுக்கும்போது 2 கூடுவதும் 1 குறைவதும் ஒன்றுதான். அதாவது மூன்று மீதிகளும் ஒரே நேரத்தில் ஒரு படி இறங்குகின்றன. (0இலிருந்து இறங்கினால் 2.) சேர்ந்தே இறங்குவதால் மூன்றும் எப்போதும் வேறுவேறாகவே இருக்கும். நாம் விரும்பும் முடிவு 45, 0, 0. மூன்றுக்கும் மீதி 0. அங்கே போய்ச் சேரவே முடியாது.

இதைப் பலகையில் எழுதி முடித்ததும், கிளாஸ் கேள்வி கேட்ட அதே மாணவி 17ஐ அழித்துவிட்டு 18 என்று எழுதினாள். இப்போது பழுப்புக்கும் சிவப்புக்கும் மீதி 0. அவள் சாம்பல் ஒன்றையும் சிவப்பு ஒன்றையும் சந்திக்கவிட்டாள். சாம்பல் 12, பழுப்பு 17, சிவப்பு 17. அப்புறம் பழுப்பையும் சிவப்பையும் சோடி சோடியாக 17 தடவை சந்திக்கவிட்டாள். 46ம் சாம்பல்.