பீலித் தண்ணீரில் ஒரு செடித் தொட்டி

தொட்டிக் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தையின் ஓடு, உச்சியில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பு நிற மேல்தோல் உரிந்து, அதற்குக் கீழே சுண்ணாம்பு குழி குழியாகக் கரைந்திருந்தது. வயதாகிவிட்டது போல என்று நினைத்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டேன். அந்த ஓடு என்ன சொல்கிறது என்று அன்றைக்கே விளங்கியிருந்தால், அடுத்த மாதம் மூன்று மீன்கள் செத்திருக்காது.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நிரம்பினால் ஐம்பது லீற்றருக்குச் சற்று மேல். தண்ணீர் பீலித் தண்ணீர், அதாவது மலையிலிருந்து ஓடிவந்து விழுவதைப் பிடிப்பது. எட்டு மாதமாகச் செடியும் மீனும் நன்றாகத்தான் இருந்தன. பிறகு ஒரு கிழமை மழையில் பீலி கலங்கலாக ஓடியது. டவுனிலிருந்து பைப் தண்ணீர் கொண்டுவந்து, குளோரின் போகட்டும் என்று ஓர் இரவு திறந்து வைத்து, பாதித் தொட்டியை ஒரே தடவையில் மாற்றினேன். விடியும்போது மூன்று மீன்கள் மிதந்தன.

குளோரின் இல்லை, தண்ணீரும் தெளிவு. அப்படியானால் எது கொன்றது? இதை விளங்கிக்கொள்ள, தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

மீன் தன் கழிவு நைதரசனைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகிய இலையும் அதோடு சேர்கின்றன. அமோனியா நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான், இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைக் கெடுத்துவிடும். இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குகிறது. அது செடிக்கு உரம். இரண்டு வேலையையும் ஒரே உயிராகச் செய்து முடிக்கும் பற்றீரியாவும் உண்டு என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. வடிகட்டியின் பஞ்சு, மணல், இலைகள் என்று எதிலாவது ஒட்டியே வாழும். ஆகவே பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு தரம் பிழிந்தால் போதும்.

இந்த வேலைக்கு ஒரு செலவு இருக்கிறது. அமோனியா நைத்திரேற்றாகும்போது அமிலம் உண்டாகிறது. அமோனியாவில் உள்ள நைதரசன் ஒரு மில்லிகிராம் மாறினால், தண்ணீரில் சுமார் ஏழு மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரத்தன்மை தீர்ந்துபோகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அங்கே நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அளவுக்கு வன்னீர். மலையகத்தின் பாறை அப்படியில்லை. எளிதில் கரையாத, மிகப் பழைய பளிங்குருப் பாறை. அதன் மேல் ஓடிவரும் தண்ணீர் கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் போல மென்னீர். தேத்தண்ணிக்கு அருமையானது. ஆனால் அமிலத்தைத் தாங்கும் சேமிப்பு அதில் மிகக் குறைவு.

அதனால் என் தொட்டி மாதக்கணக்கில் மெதுவாகப் புளித்திருக்கிறது. நத்தையின் ஓடு கரைந்தது அதனால்தான். புளிப்பை அளக்கும் பிஎச் பெறுமானம் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6க்குக் கீழே இறங்கினால் பற்றீரியாக்கள் சோர்ந்துவிடும், அமோனியா சேரத் தொடங்கும். ஆனால் புளித்த தண்ணீரில் அது அமோனியம் என்ற, அவ்வளவு தீங்கில்லாத வடிவில் இருக்கும். மீன் வழக்கம்போல நீந்தும். 20 பாகைத் தண்ணீரில், பிஎச் 6 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு 0.04 பங்குதான் நஞ்சு வடிவம். பிஎச் 7 என்றால் 0.4. பிஎச் 8 என்றால் கிட்டத்தட்ட 4. ஒரு படி ஏறினால் பத்து மடங்கு. நான் ஊற்றிய பைப் தண்ணீர் பிஎச்சை ஒரே இரவில் மேலே தூக்கியது. அதுவரை சும்மா கிடந்த அமோனியம் அமோனியாவானது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவே இல்லை. "புளிச்ச மண்ணுக்கு மலையில என்ன போடுறோம்? டொலமைட்தானே?" என்றார். தேயிலைக்கு கவ்வாத்து வெட்டும் காலத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் அதே டொலமைட். கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று அது. கல்சியம் நத்தை ஓட்டுக்கு. மக்னீசியம் பச்சையத்தின் நடு அணு, அது இல்லாமல் இலை பச்சையாகாது. ஒரு தேக்கரண்டி டொலமைட்டைத் துணியில் முடிந்து வடிகட்டி ஓரத்தில் வைத்தேன். அது மெதுவாகக் கரைவதுதான் நல்லது; தண்ணீர் புளிக்கப் புளிக்க அதிகமாகவும், புளிப்புக் குறைந்தால் குறைவாகவும் கரையும். இரண்டு மாதத்தில் நத்தை ஓட்டின் வாயோரத்தில் வழவழப்பான புதுப் பட்டை ஒன்று வளர்ந்தது. உச்சியின் பழைய குழிகள் அப்படியே இருக்கின்றன, அவை ஆறுவதில்லை. அதற்குப் பிறகு தண்ணீரை வாரம் கால் பங்குக்கு மேல் மாற்றுவதில்லை. மாற்றும் தண்ணீரை முதல் நாளே வீட்டுக்குள் வாளியில் வைத்துவிடுகிறேன். பீலித் தண்ணீரின் குளிர் அப்படியே இறங்கினால் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வரலாம்.

குளிர் என்றதும் ஞாபகம் வருகிறது. டிசம்பர், ஜனவரி காலைகளில் ஹீட்டர் இல்லாத தொட்டி 17, 18 பாகைக்கு இறங்கும். நமக்கு வேண்டிய பற்றீரியாக்களுக்கு 25க்கு மேல்தான் உற்சாகம். கொழும்பில் பற்றீரியா பெருகி நான்கைந்து வாரத்தில் தயாராகும் தொட்டிக்கு எங்கள் பக்கம் ஏழெட்டு வாரம் பிடிக்கிறது. அதுவரை மீன் விடாமல், செடியை மட்டும் வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டுக் காத்திருங்கள். அது அழுகி வரும் அமோனியாதான் பற்றீரியாவுக்குச் சாப்பாடு. பக்கத்து லயத்து அக்கா, "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்கு தம்பி லைட்டு?" என்று கேட்டார். அமோனியத்தை உறிஞ்ச அந்தச் செடிகளே பற்றீரியாவுக்கு முன்பாக வேலையைத் தொடங்கிவிடுகின்றன. லைட் அவற்றுக்குத்தான்.

குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் கூட என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கடல் மட்டத்தில் அது சரி: 20 பாகையில் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம், 28 பாகையில் 7.8. ஆனால் 1,250 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு. அங்கே 20 பாகைத் தண்ணீரில் கரைவது சுமார் 7.8தான். குளிர் கொடுத்ததை உயரம் எடுத்துக்கொள்கிறது. கொழும்புத் தொட்டியில் போடும் அளவுக்குத்தான் இங்கேயும் மீன் போடலாம்.

செடிக்கு வருவோம். எங்கள் நாட்டுக்கே உரிய கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி இனங்களை உலகமெங்கும் தேடி வாங்குகிறார்கள். வென்டி, பெக்கெட்டி, மிகச் சின்னதான பார்வா என்பவை அவற்றில் சில. நட்ட இரண்டாம் வாரம் இலையெல்லாம் கண்ணாடி போலாகிக் கரையும். பயந்து பிடுங்கிவிடாதீர்கள். தண்ணீர் மாறியதற்கு அது காட்டும் மறுப்பு அது. மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருந்தால் புது இலை வரும். இது வேரால் தின்னும் செடி. ஆகவே அடியில் ஓர் அங்குலம் மண், மேலே கழுவிய ஆற்று மணல். மணல் மூடிய மண்ணில் ஒட்சிசன் குறையும்போது, சிவப்பு மண்ணில் துருவாக இருக்கும் இரும்பு கரையக்கூடிய வடிவுக்கு மாறுகிறது. அதை வேர் இழுத்துக்கொள்ளும்.

மண்ணை எங்கே எடுத்தாலும் தேயிலைச் செடியடியில் எடுக்க வேண்டாம். அங்கே உரம் தேங்கியிருக்கும், புளிப்பு மிகுதி, அந்தப் புளிப்பில் அலுமினியமும் கரையும். தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கும் மழைக்காலத்தில், தேயிலை மலைக்குக் கீழே இருக்கும் பீலித் தண்ணீரிலும் கவனம் வேண்டும். மிகச் சிறிதளவு செம்பே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். 1946இல் அந்த நோய் இலங்கைக்கு வந்ததிலிருந்து இந்த மருந்து மலையகத்துக்குப் பழக்கமானதுதான். அடித்து முடிந்து நல்ல மழை இரண்டு பெய்யட்டும், பிறகு தண்ணீர் பிடியுங்கள்.

காபனீரொட்சைட்டு சிலிண்டர் கட்டாயமில்லை. காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் அந்த வாயு லீற்றருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதுவும் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் இலையைச் சேரும். ஆனாலும் கிரிப்டோகோரைனும் மொஸ் என்ற பாசி வகைகளும் பொறுமையாக வளர்பவை. மண் மக்கும்போது வருவதே அவற்றுக்குப் போதும். லைட் ஆறேழு மணி நேரம். கூடினால் கண்ணாடியில் பச்சைப்பாசி பிடிக்கும். மாலையில் அணைப்பதற்கு முன் பாருங்கள்: நுனி கிள்ளிய தண்டிலிருந்து ஊசி முனையளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நூல் போல ஏறும். ஒளித்தொகுப்பில் வந்த ஒட்சிசன், கிள்ளிய இடத்தால் வெளியேறுகிறது.

ஹீட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் குளிர் தாங்கும் மீன்களான வைட் கிளவுட், சீப்ரா டேனியோ வளர்க்கலாம். எங்கள் செரி பார்ப் தாழ்நிலத்து ஓடை மீன். அதற்குச் சூடு வேண்டும். ஓடையில் நீங்களே பிடித்துவராதீர்கள். பண்டுலா பார்ப் என்ற மீன், கேகாலை மாவட்டத்தில் கலபிடமட பக்கத்து ஒரே ஓடையில்தான் இயற்கையாக இருந்தது. நாலு பேர் வலை போட்டால் அப்படியொரு இனமே போய்விடும். தொட்டியில் உள்ளதை ஓடையில் விடுவதும் அதே அளவு கெடுதல். 1939இல் இலங்கைக்கு வந்த சல்வீனியா என்ற மிதக்கும் களை, வயலையும் குளத்தையும் மூடிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். வெட்டிய செடியை நான் தகரத்தில் போட்டு இரண்டு நாள் வெயிலில் காயவைக்கிறேன். பழைய தண்ணீர் லீக்ஸ் பாத்திக்குப் போகிறது. அதில் இருக்கும் நைத்திரேற்றுக்கு அந்தப் பாத்தி நன்றாகவே வளர்கிறது.