பாட்டுத் தட்டைத் துணி மாதிரி துவைக்காதீர்கள்

போன வாரம் ஒருவர் கட்டைப்பை நிறைய ஈ.பி. என்ற சிறிய பாட்டுத் தட்டுகளோடு வந்தார். மொத்தம் பதினான்கு. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது, பரணை ஒழிக்கும்போது கிடைத்தன, 1970-லிருந்து 1974-க்குள் அப்பா ஒவ்வொன்றாக வாங்கியவை, எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றித் தர வேண்டும் என்றார். பையைத் திறந்ததும் சோப்புப் பொடி வாசனை அடித்தது. எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது.

"ஒரே அழுக்கு சார். சுடுதண்ணில ஊற வச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, மொட்டை மாடில காய வச்சுத்தான் எடுத்துட்டு வந்தேன். உங்களுக்கு வேலை மிச்சம்."

நல்லது செய்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். பதினான்கில் பதினொன்று அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. லேபிள்கள் ஊறி, உரிந்து, எது எந்தப் படம் என்றே தெரியவில்லை. இந்த வருடத்தில் இது நான்காவது. போன மூன்று முறையும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். இனி முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய தட்டு, ஸ்பூல் நாடா, கேசட் இவற்றிலிருந்து பாட்டைப் பத்திரமாக எடுத்துக் கொடுப்பது என் தொழில். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பகுதி எழுபதுகளின் தொடக்கத்துத் திரைப்பாடல்கள்தான். அதற்குக் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும், பக்கத்துக்கு ஒரு பாட்டு என்றிருந்த 78 தட்டு விடைபெற்று, ஏழு அங்குல ஈ.பி. வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது. நிமிடத்துக்கு 45 சுற்று வேகம், பக்கத்துக்கு இரண்டு பாட்டு, ஒரு தட்டில் நான்கு. 'வசந்த மாளிகை', 'ரிக்‌ஷாக்காரன்', 'உலகம் சுற்றும் வாலிபன்' என்று அடுத்தடுத்து வந்த படங்களின் பாட்டைச் சம்பளக்காரர்கள் காசு சேர்த்து வாங்கி வீட்டில் வைத்துக் கேட்டார்கள். வாங்கியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. பலர் இல்லை. பரண்கள் இப்போதுதான் ஒழிக்கப்படுகின்றன.

ஈ.பி. வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. வினைல் தட்டு சூட்டில் இளகும், நெளியும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மேலும் மேலும் விளக்க வேண்டியிருப்பது வேறொன்று. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து அவர் சொன்னாரே, அது: "விடுங்க சார், பாட்டெல்லாம்தான் நெட்ல இருக்கே."

மாதத்துக்குப் பத்து முறை இதைக் கேட்கிறேன். தட்டைத் தூக்கிப் போடுவதற்கும், பழைய பேப்பர்காரருக்கு எடைக்குக் கொடுப்பதற்கும், குழந்தைகள் சுற்றி விளையாடக் கொடுப்பதற்கும் எல்லோரும் சொல்லும் காரணம் இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

நெட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது? நல்ல மூலத்திலிருந்து கவனமாக எடுத்தவையும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டுப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் கேசட்டின் நகலுக்கு நகல். எண்பதுகளில் தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது நினைவிருக்கும். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால், 60 நிமிடக் கேசட்டிலோ 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். கடைசிப் பாட்டு இடத்துக்குள் அடங்கவில்லை என்றால் முன்னிசையிலோ சரணத்திலோ கை வைத்துவிடுவார்கள். அந்தக் கேசட்டை இன்னொரு டெக்கில் போட்டு எடுத்த நகல், அதிலிருந்து எடுத்த எம்.பி.3. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று உதிர்ந்துகொண்டே வரும்.

முதலில் உதிர்வது சுருதி. டெக்கின் வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் பாட்டு அரை சுருதி மேலே ஏறிவிடும். டி.எம்.எஸ். குரலின் அடிக்கனம் போய்விடும், சுசீலா அம்மாவின் குரல் சிறுமி குரலாகும். கேட்டுக் கேட்டு அதுதான் அசல் என்று பழகிவிட்டோம். மேடையில் பாடும் ஒரு பையன், தட்டிலிருந்து சரியான வேகத்தில் நான் எடுத்ததைக் கேட்டுவிட்டு, "இது ஸ்லோவா ஓடுதே அண்ணா" என்றான். ஐம்பது சைக்கிள் மின்விளக்கின் அடியில் வேகம் பார்க்கும் கோட்டு அட்டையைத் தட்டின் மேல் சுற்ற விட்டேன். 45-க்கான கோடுகள் அசையாமல் நின்றன, வேகம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினான்.

அடுத்தது, பக்கத்துப் பாட்டு. ஒரு தட்டில் நான்கு பாட்டு என்றேன். வானொலி அதில் ஒன்றையோ இரண்டையோ பிடித்துக்கொண்டு போட்டுப் போட்டு ஹிட் ஆக்கியது. நெட்டில் எளிதாகக் கிடைப்பது அந்த ஒன்றுதான். அதே பக்கத்தில் அடுத்த வளையத்தில் இருக்கும் நகைச்சுவைப் பாட்டோ, கதாநாயகி தனியாகப் பாடும் சோக வடிவமோ தேடினாலும் கிடைப்பதில்லை. கிடைத்தால், படத்திலிருந்து எடுத்ததாக இருக்கும், நடுவில் வசனமும் கதவு சாத்தும் சத்தமும் சேர்ந்து. படத்தில் வருவதும் தட்டில் வருவதும் பல பாட்டுகளில் ஒன்றல்ல, நீளம் வேறு, சரணம் வேறு. ஹிட்டான பாட்டுக்காக அப்பா அந்தத் தட்டை வாங்கியிருக்கலாம். இன்று அந்தத் தட்டின் மதிப்பு மற்ற மூன்றில்தான்.

மூன்றாவது, என்னை அதிகமாக வருத்துவது: சுத்தப்படுத்தல். 'வெள்ளி விழா' 1972-ல் வந்தது. வி. குமார் இசை. 'காதோடுதான் நான் பாடுவேன்' என்று எல்.ஆர். ஈஸ்வரி பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பாட்டின் பேரே சொல்கிறது. கூவாமல், காதுக்குப் பக்கத்தில் வந்து மூச்சோடு மூச்சாகப் பாடியிருப்பார். அந்த மூச்சுக்காற்றும், தட்டின் 'ஸ்ஸ்' இரைச்சலும் ஒலியில் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருப்பவை. இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழுவீச்சில் ஓட விட்டால் அது இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு குரல். 'க்ளீன் ஆடியோ' என்று தலைப்புப் போட்டு வருபவை பலவும் இப்படித்தான் இருக்கின்றன. நான் அந்தப் பாட்டை எடுக்கும்போது பெரிய 'டிக்'குகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பேன். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒரு பகல் போகும். மெல்லிய இரைச்சலை விட்டுவிடுவேன். "இன்னும் கொஞ்சம் க்ளீன் பண்ணக்கூடாதா" என்று கேட்பவர்களுக்கு ஹெட்போனை மாட்டி இரண்டையும் கேட்க வைப்பேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

ஸ்டீரியோ ஆக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அந்தக் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காமல் ஒரே தடத்தில் பதிவானவை. இல்லாததை நான் எங்கிருந்து பிரிப்பது?

சரி, சேதம் எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். என் அனுபவத்தில் ஐம்பது வருடம் பரணில் கிடந்ததால் கெட்ட தட்டு குறைவு. கண்டெடுத்த முதல் வாரத்தில் கெடுவதுதான் அதிகம்.

துவைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்காதீர்கள், தூசியும் எண்ணெயும் சேர்ந்து ஊசி ஓடும் வரிகளுக்குள் களிம்பாகிவிடும். கனமாக, தட்டினால் ஓடுபோல் சத்தம் வரும் பழைய 78 தட்டாக இருந்தால் ஸ்பிரிட், சானிடைசர் பக்கத்திலேயே போகக்கூடாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். துடைத்தே ஆக வேண்டுமென்றால், வினைல் தட்டை மட்டும், பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், வரி ஓடும் திசையிலேயே, லேபிளைத் தொடாமல் துடையுங்கள். அதுவும் வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள் என்பதே என் ஆசை.

படுக்க வைத்து அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். கார் டிக்கியில் மதியம் முழுக்க விடாதீர்கள். வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். நெளிந்ததை நிமிர்த்துகிறேன் என்று இஸ்திரிப் பெட்டி வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதக்கூட மனம் வரவில்லை.

"சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தோம்" என்பது இன்னொன்று. எதில் போட்டீர்கள்? அந்தக் காலத்துப் பாட்டுப் பெட்டியில் ஊசியைத் திருப்பிப் போடும் வசதி இருக்கும், ஒரு பக்கம் 78-க்கு, மறுபக்கம் எல்.பி. என்ற பெரிய வினைல் தட்டுக்கும் ஈ.பி.க்கும். தப்பான பக்கம் இருப்பது தெரியாமல் ஓட்டுகிறார்கள். 78 ஊசி ஈ.பி. ஊசியைவிட மூன்று மடங்கு தடி. நுண்ணிய வரியில் அது உட்காராது, உரசிக்கொண்டே போகும். சஃபையர் கல் ஊசியாக இருந்தால் சீக்கிரமே தேய்ந்து உளி மாதிரி ஆகியிருக்கும். பாட்டு தாவுகிறது என்று ஊசிக் கையின் மேல் காசு வைப்பது அடுத்த கொடுமை. அந்தக் காலத்தில் நாலணா வைத்தார்கள், இப்போது ஐந்து ரூபாய் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புது ஊசி வாங்குங்கள், இல்லையென்றால் ஓட்டாதீர்கள்.

கல்யாண வீட்டு மைக் செட்காரர்களின் தட்டுகளைப் பார்த்தால் இது புரியும். ஆயிரம் தடவை ஓடி, கண்ணால் பார்த்தாலே சாம்பல் பூத்திருக்கும். "இது தேறாது" என்று அவர்களே சொல்லித்தான் தருவார்கள். ஆனால் பழைய ஊசி வரியின் சுவரில் ஒரு மட்டத்தில்தான் தேய்த்திருக்கும். கொஞ்சம் வேறு அளவு ஊசியைப் போட்டால் அது தேயாத மட்டத்தில் உட்கார்ந்து, புதுத் தட்டு மாதிரி பாடும். எல்லாத் தட்டுக்கும் இது நடக்காது. நடக்கும்போது கை கூப்பத் தோன்றும். அதனால் கரகரக்கிறது என்பதற்காக எதையும் குப்பை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கேசட்டுக்கும் இரண்டு வார்த்தை. வருடக்கணக்கில் கிடந்ததை எடுத்ததும் பழைய டேப் ரெக்கார்டரில் போடாதீர்கள். ரப்பர் பெல்ட் தளர்ந்து, நாடாவைத் தின்றுவிடும். முதுகுப் பக்கம் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், அப்புறம் யாரும் தெரியாமல் மேலே பதிந்துவிட முடியாது. இலங்கை வானொலியிலிருந்து வீட்டில் பதிந்த கேசட் என்றால் பத்திரம். ஒரு அம்மா அப்படிப்பட்ட கேசட்டைக் கொடுத்து, நடுவில் அறிவிப்பாளர் பேசுவதையெல்லாம் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் கொடுங்கள் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேயர்கள் பெயரை வாசித்து, பாட்டு பிறந்த படத்தைச் சொல்லி, பாட்டுக்குள் அழைத்துப் போகும் அந்தக் குரல் இன்னொரு தடவை வராது. கடைசியில் வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று என்று இரண்டும் கொடுத்தேன். அவர் பிறகு போன் செய்து, வெட்டாததைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

வாங்கியவர் உயிரோடு இருந்தால், தட்டைக் கொண்டு வருவதற்கு முன் அவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எது எப்போது வாங்கியது, எந்தப் பாட்டுக்காக என்று கேட்டு உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தட்டின் மேல் எழுதாதீர்கள், உறையில் அவர் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள்.

போன வாரம் வந்தவரின் தட்டுகளுக்கு வருகிறேன். லேபிள் போனாலும், கடைசி வரிக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வழவழப்பான இடத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். தட்டைச் சாய்த்து விளக்கில் பார்த்தால் தெரியும். அதை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன். தப்பித்த மூன்றில் ஒன்று 'வெள்ளி விழா'. அவர் கூட உட்கார்ந்து கேட்டார். ஓர் இடத்தில் ஊசி சிக்கி, அதே சொல் திரும்பத் திரும்ப வந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவரே மேஜை விளிம்பை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "அப்பா இந்த இடத்துலதான் பெட்டியைத் தட்டுவார்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தக் கீறலைச் சரிசெய்து ஒன்றும், சரிசெய்யாமல் ஒன்றும் அவருக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நெளிந்த பதினொன்றை மெதுவான, அளவான சூட்டில் தட்டையாக்கும் கருவியில் போட்டுப் பார்க்கிறேன். நான்கு தேறும். மீதி ஏழில் ஊசி நிற்கவே இல்லை.