இடையூறு: இருவருக்கு நடுவே நேர்வது

சில வருடங்களுக்கு முன் தண்டையார்பேட்டையில் எங்கள் ஆலோசனை அறைக்கு ஒரு பெண்ணை அனுப்பி வைத்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) கூடவே வந்த தாளில் ‘சவாலான நடத்தை உடையவர்’ என்று இருந்தது. துணைக்கு வந்த அம்மா அதையே தன் பேச்சில் சொன்னார்: “சும்மா சீன் போடுதும்மா.” இரண்டு சொல்லுமே எனக்கு ஒப்பவில்லை.

சவால் உருது வழியாக வந்த சொல். அங்கே அதற்குக் கேள்வி என்று பொருள். நம்மிடம் அது அறைகூவல் ஆகிவிட்டது. சவால் விட ஒரு எதிராளி வேண்டும், ஜெயிக்கும் எண்ணம் வேண்டும். அவளிடம் நான் பார்த்தது வேறு. முதல் வாரம், “நீங்கதான்க்கா எனக்கு சாமி” என்றாள். இரண்டாம் வாரம், பேச்சு நடுவில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. மூன்றாம் வாரம் வரவில்லை. அப்புறம் ஒருநாள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்து, ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டு, “நீங்களும் அவங்க மாதிரிதான?” என்று கேட்டாள். பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டித் திரி மாதிரி ஆக்கியிருந்தாள். அந்த விரல்களில் சவாலும் இல்லை, நடிப்பும் இல்லை. பயம் இருந்தது.

டாக்டர் எழுதியிருந்த நோயின் பெயர் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். எந்த எல்லை? நரம்புத் தளர்ச்சி போன்ற லேசான மனக்கோளாறுகளை ஒரு பக்கமும் தீவிர மனநோயை மறுபக்கமும் வைத்து, இரண்டிலும் அடங்காமல் நடுவில் நின்றவர்களுக்கு 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர் வைத்த பெயர் அது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பாரிமுனையில் 1773-ஆம் ஆண்டின் எல்லைக்கல் ஒன்று இன்னும் நிற்கிறது. ஊர் எப்போதோ அதைத் தாண்டிப் போய்விட்டது. இந்தப் பெயரும் அப்படித்தான். உணர்ச்சி சட்டென்று பொங்குவது, அடங்க நெடுநேரம் ஆவது, விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற ஓயாத பயம், இவற்றில் ஒன்றைக்கூட அது சொல்வதில்லை.

எனக்குக் கைகொடுத்த சொல் வேறொன்று. இந்த நோய்க்கென்றே டி.பி.டி. என்னும் சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லினஹன், 1993-இல் வந்த தன் நூலில் ‘தெரபி இன்டர்ஃபியரிங் பிஹேவியர்’, அதாவது சிகிச்சையை ஓடவிடாத நடத்தை, என்று எழுதினார். உயிருக்கு ஆபத்தானதை முதலில் பார், அடுத்தபடியாக இதைப் பார் என்பது அவர் வகுத்த வரிசை. தாமதமாக வருவது, வராமலே இருப்பது, சொன்ன பயிற்சியைச் செய்யாதது எல்லாம் இதில் அடக்கம். முக்கியமான சங்கதி, சிகிச்சை தருபவரின் நடத்தையையும் அவர் இதே தலைப்பில் சேர்த்தார். அவரும் பதினேழு வயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர்தான். 2011-இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவர் தேர்ந்த சொல் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு.

இன்டர்ஃபியர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒன்றையொன்று இடித்துக்கொள்வது என்று பொருள். ஓடும் குதிரை ஒரு காலால் தன் மறுகாலையே இடித்துக்கொள்வதைச் சொல்லவும் வழங்கியது. எந்தக் காலுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் காயம் படுகிறது, ஓட்டம் நிற்கிறது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? குறுக்கீடு என்றால் வெளியிலிருந்து யாரோ நுழைவதுபோல் இருக்கிறது. தடை என்றால் சுவர் மாதிரி அசையாமல் நிற்கிறது. நான் இடையூறு என்கிறேன். இடை, நடு. ஊறு, தீங்கு. கெடு கேடு ஆனதுபோல, பெறு பேறு ஆனதுபோல, உறு என்பது நீண்டு ஊறு ஆனது. ‘ஊறொரால்’ என்று வள்ளுவர் 662-ஆம் குறளில் சொல்வது இந்த ஊறுதான். ஆனால் 27-ஆம் குறளில் ‘சுவைஒளி ஊறோசை நாற்றம்’ என்னும்போது அதே சொல்லுக்குத் தொடுஉணர்வு என்று பொருள். தொடுவதும் காயப்படுவதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. உறவு என்ற சொல்லும் அதே ‘உறு’விலிருந்து பிறந்ததுதான். கிட்டே வந்தால் வலிக்கிறது, விலகினால் அதைவிட வலிக்கிறது என்று தவிப்பவர்களோடு வேலை செய்கிற எனக்கு, இந்த வேர்ச்சொல் ஒரு பாடமாகவே இருந்தது.

ஆகவே ‘சிகிச்சை இடையூறு’ என்றே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். ‘இடையூறானவர்’ என்று மட்டும் யாரும் திருப்பிவிடக் கூடாது. இடையூறு ஒரு ஆள் அல்ல. இருவருக்கு இடையில் நேர்வது.

அன்று அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். மீதியிருந்த பத்து நிமிடமும் இந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசினோம். அவள் பங்குக்கு ‘லேட்டாக வருவது’ என்றாள், எழுதினேன். “உங்களுது?” என்று கேட்டேவிட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் திரும்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். “நான் அழும்போதெல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பாக்குறீங்கக்கா.”

அதையும் எழுதிக்கொண்டேன். மறுநாள் கடிகாரத்தைக் கழற்றி, இரண்டு பேருக்கும் தெரிகிறபடி பக்கத்துச் சுவரில் மாட்டினேன்.