ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: தமிழில் மேலறை உதறல்

பைபாஸ் முடிந்து வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘போஸ்ட் ஆபரேட்டிவ் ஏஎஃப்’ என்று ஒரு வரி அடிக்கடி இருக்கும். நன்றாகத் தேறி வந்தவருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரென்று துடிப்பு தாறுமாறாகிவிடும். பைபாஸ் செய்துகொள்பவர்களில் 100க்கு ஏறத்தாழ 20 முதல் 40 பேருக்கு இது வருகிறது. வால்வு அறுவையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். ஏஎஃப் என்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் சுருக்கம்.

ஏட்ரியம் லத்தீன் சொல். பழைய ரோமானிய வீட்டின் நடுக்கூடம். ரத்தம் வந்து சேரும் இதய மேலறைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஆரிக்கிள் என்ற பெயரும் உண்டு; ‘சிறு காது’ என்று பொருள். இலங்கைத் தமிழில் சோணையறை என்பதும் இதையொட்டியதே, காதுச் சோணையை நினைத்துப் பாருங்கள்.

ஃபிப்ரில்லா என்றால் சிறு நார். மேலறைத் தசை ஒருசேரச் சுருங்காமல், நார் நாராகத் தனித்தனியே துடிப்பதுதான் ஃபிப்ரிலேஷன். நோயாளிகளின் ஒழுங்கற்ற நாடிக்கு இதுவே காரணம் என்று 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் ஈசிஜி கொண்டு காட்டினார்.

சரி, தமிழில்? ‘படபடப்பு’ போதாது. அது நோயாளி உணர்வது. சிலருக்கு அந்த உணர்வே இருக்காது, மானிட்டரில்தான் தெரியும். ‘சீரற்ற இதயத்துடிப்பு’ அரித்மியா என்ற பெரிய குடும்பத்துக்கே பொருந்தும் பெயர். நான் ‘மேலறை உதறல்’ என்பேன். நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் ஓடும் அந்தத் தாறுமாறான மின்துடிப்பை உதறல் என்ற சொல் சரியாகப் பிடிக்கிறது. ‘மேலறை’யை மட்டும் விட்டுவிடக் கூடாது. கீழறை உதறினால் ரத்த ஓட்டம் அப்போதே நின்றுபோகும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வெறும் ‘இதய உதறல்’ என்றால் வீட்டார் எதை நினைத்துப் பயப்படுவது?

அறுவையால் ஏற்படும் அழற்சி, உடலில் நீர் கூடுவது, பொட்டாசியம், மெக்னீசியம் குறைவது, வயது எல்லாம் சேர்ந்து மேலறையைத் தூண்டிவிடுகின்றன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் துடிப்பு பழையபடி ஆகிவிடும். ஆனால் உதறும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம். அதனால்தான் சிலருக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். துடிப்பு சரியாகிவிட்டதாகத் தோன்றினாலும் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள்.